சிறு சந்தையில் ஒரு கடை: செயலி செய்யும் பிள்ளைகளும் முதல் போடும் வியாபாரிகளும்

யாழ்ப்பாணத்தில் கணினி படித்த பிள்ளை ஒருவர் இருக்கும் வீடுகள் இன்று பெருகிவிட்டன. பகலில் ஒரு கம்பனியில் வேலை, இரவில் தனக்கென்று ஒரு செயலி என்று பல இளைஞர்கள் காலம் கழிக்கின்றனர். கையடக்கத் தொலைபேசியில் ஓடும் சிறு மென்பொருளையே செயலி என்கிறோம். தகப்பனார் கஸ்தூரியார் வீதியிலோ பெரிய கடையிலோ வியாபாரம் செய்பவராக இருந்தால் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதில் காசு இருக்கிறதா?"

நியாயமான கேள்வி. பிள்ளை கணினி வாங்கக் கேட்கும் பணம், செயலிக் கடையில் பதிவு செய்யக் கேட்கும் டொலர், ஒரு வருடம் வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரமாகச் செய்து பார்க்கட்டுமா என்ற வேண்டுகோள் யாவும் கடைசியில் கடை மேசைக்குத்தான் வந்து சேர்கின்றன. பதில் சொல்ல வேண்டியவர் வியாபாரி. ஆகவே இந்தத் தொழிலை வியாபாரக் கண்ணோடு நோக்குவது அவசியமாகிறது.

குறிப்பாக, எல்லோரும் போகும் பெரிய சந்தையை விட்டு விலகி, சிலரே பாவிக்கும் தொலைபேசிகளுக்கும் சில ஆயிரம் பேருக்கு மட்டுமே தேவைப்படும் வேலைகளுக்கும் செயலி செய்யும் தனி ஆட்களைப் பற்றி இங்கு பார்ப்போம். இவர்களது அனுபவத்தில் எமது வியாபாரிகள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

பெரிய சந்தையும் சிறிய சந்தையும்

இன்று உலகில் விற்பனையாகும் ஸ்மார்ட் போன்கள் ஏறத்தாழ எல்லாமே இரண்டு இயங்குதளங்களில் ஒன்றில் ஓடுகின்றன. ஒன்று கூகுளின் அன்ட்ரொய்ட், மற்றையது அப்பிளின் ஐ.ஓ.எஸ். இரண்டுக்கும் சொந்தமாகச் செயலிக் கடைகள் உண்டு. அப்பிளின் கடை 2008 ஜூலையில் திறக்கப்பட்டது. அன்று அங்கே இருந்தவை சுமார் 500 செயலிகள். இன்று இரண்டு கடைகளிலும் இலட்சக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன.

இந்தச் சந்தையில் கடை போட அதிக செலவில்லை. கூகுளுக்கு ஒரு தடவை 25 டொலர், அப்பிளுக்கு வருடம் 99 டொலர். விற்பனையில் 30 வீதம் சந்தைக்காரருக்கு என்பதே நீண்ட காலமாக இருந்த வழமை. 2021 இல் இரு கம்பனிகளும் சிறு விற்பனையாளர்களுக்கு அதை 15 வீதமாகக் குறைத்தன. ஆனால் நுழைவது இலகு என்பதே இங்குள்ள பிரச்சினை. நுழைவது எல்லோருக்கும் இலகு. புறக்கோட்டையில் ஆயிரம் கடைகளுக்கு நடுவே ஆயிரத்து ஓராவது கடையாகப் பெயர்ப் பலகை மாட்டியவரின் நிலைதான் புதியவருக்கு.

வியட்நாமைச் சேர்ந்த டொங் நுயென் என்ற இளைஞர் 2013 இல் வெளியிட்ட ஒரு சிறு பறவை விளையாட்டு, மறு வருடத் தொடக்கத்தில் உலகெங்கும் பரவி, விளம்பரத்தால் நாளொன்றுக்கு 50,000 டொலர் வரை அவருக்குக் கிடைத்ததாகச் செய்தி வந்தது. 2014 பெப்ரவரியில் அவரே அதைக் கடையிலிருந்து அகற்றிவிட்டார். எமது பிள்ளைகள் அடிக்கடி எடுத்துக்காட்டும் கதை இது. ஆனால் இதைப் பார்த்து முதல் போடுவது, அடுத்த வீட்டுக்காரருக்கு லொத்தர் விழுந்தது என்று நாமும் சீட்டு வாங்குவதற்குச் சமம். அது வியாபாரம் ஆகாது.

சிறிய சந்தையின் கணக்கு வேறு. நெல்லியடியிலோ சாவகச்சேரியிலோ ஒரே ஓர் இரும்புக் கடை இருந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். வாடிக்கையாளர் குறைவு, ஆனால் வந்தவர் எல்லோரும் அந்தக் கடைக்கே வருவார்கள். பெயர் தெரியும், கடன் தெரியும், எந்த ஊருக்கு எந்த அளவுக் கம்பி போகும் என்பதும் தெரியும். சிறு இயங்குதளங்களில் செயலி செய்தவர்களுக்குக் கிடைத்த இலாபமும் இந்த வகையைச் சேர்ந்ததே.

2005: பட்டன் போனில் தமிழ்

இதற்கு எமது மொழியிலேயே நல்ல உதாரணம் ஒன்று உண்டு. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் என்பவர், 1980களின் நடுப்பகுதியில், கணினித் திரையில் தமிழ் வருவதே அதிசயமாக இருந்த நாட்களில், தமது ஆர்வத்தின் பேரில் தமிழ் மென்பொருள் செய்யத் தொடங்கினார். அவர் உருவாக்கிய 'முரசு' மென்பொருளும் பின்னர் விண்டோஸ் கணினிகளுக்கு வந்த 'முரசு அஞ்சலும்' உலகெங்கும் தமிழர்கள் மின்னஞ்சல் எழுத உதவின. தமிழறிஞர் முரசு நெடுமாறன் இவரது தந்தையார்.

2000களின் முற்பகுதியில் கையடக்கத் தொலைபேசி பரவியது. யாழ். குடாநாட்டில் அது பரவலானது 2002 பெப்ரவரி போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர்தான். கைக்குக் கை தொலைபேசி வந்தபோதும் அதில் தமிழ் இருக்கவில்லை. "நாளை லொறி வருகிறது, சாமான் இறக்க ஆள் வேண்டும்" என்பதை ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதி அனுப்பிய காலம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்தால் பெட்டி பெட்டியாகத் தெரியும். ஒபெரா மினி என்ற உலாவியின் உள்ளமைப்பில் ஒரு மாற்றம் செய்தால் மாத்திரம் எழுத்துக்கள் படமாக மாறித் தெரியும். அந்த வித்தை தெரிந்தவர் ஊருக்கு ஒருவர் இருப்பார்.

இதற்குக் காரணம் இருந்தது. குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கிலத்தில் 160 எழுத்துக்கள் அனுப்பலாம். தமிழ் போன்ற மொழிகளுக்கு யுனிகோட் முறையில் 70 இடங்களே கிடைக்கும். அதிலும் தமிழில் ஓர் எழுத்து பல வேளைகளில் இரண்டு இடங்களைப் பிடிக்கும். 'யாழ்ப்பாணம்' என்ற சொல் எமது கண்ணுக்கு 6 எழுத்து. யுனிகோட் கணக்கில் அது 11 இடம். பெரிய தொலைபேசிக் கம்பனிகளுக்கு இந்த மொழிக்காக மினக்கெடும் அவசரம் இருக்கவில்லை.

அந்த இடைவெளியில்தான் முத்து நெடுமாறன் கடை போட்டார். ஜாவா என்ற மென்பொருள் வசதியுள்ள சாதாரண பட்டன் போன்களுக்கென 'செல்லினம்' என்ற செயலியை உருவாக்கினார். 2005 ஜனவரியில், பொங்கலை ஒட்டி, அது சிங்கப்பூரில் அறிமுகமானது. தொலைபேசிக்குத் தமிழ் தெரியாது, ஆகவே தமிழ் எழுத்தை வரைந்து காட்டும் வேலையைச் செயலியே செய்தது. பெரிய கம்பனிகள் பொருட்படுத்தாத ஒரு சிறு சந்தையில், தேவை என்ன என்பதை உள்ளிருந்தே அறிந்த ஒருவர் செய்த வேலை அது.

சில ஆண்டுகளில் ஜாவா போன்களின் காலம் முடிந்தது. தொடுதிரைத் தொலைபேசிகள் வந்தன. செல்லினம் அந்தப் பழைய போன்களோடு போய்விடவில்லை. ஐபோனுக்கு வந்தது, அன்ட்ரொய்டுக்கு வந்தது. 2013 இல் வெளியான ஐ.ஓ.எஸ். 7 இயங்குதளத்தில் அப்பிள் தமிழ் விசைப்பலகைகளைச் சேர்த்தபோது அவற்றில் ஒன்றின் பெயர் 'அஞ்சல்' என்றே இருந்தது. அப்பிள் கருவிகளில் பல ஆண்டுகளாக வந்த எழுத்துருக்கள் சிலவற்றின் பெயரில் 'எம்.என்.' என்ற இரு எழுத்துக்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது முத்து நெடுமாறனின் பெயரின் முதலெழுத்துக்கள். 'தமிழ் சங்கம் எம்.என்.' போலவே 'சிங்களம் சங்கம் எம்.என்.' என்ற எழுத்துருவும் உண்டு. எமது நாட்டில் ஐபோன் வைத்திருந்த சிங்களச் சகோதரர் தமது மொழியை வாசித்ததும் ஒரு மலேசியத் தமிழர் வரைந்த எழுத்தில்தான்.

இங்கே வியாபாரி கவனிக்க வேண்டியது இதுதான். செல்லினம் என்ற செயலி ஒரு கடை. ஜாவா போன் அந்தக் கடை இருந்த கட்டடம். கட்டடம் இடிந்தது. ஆனால் தமிழ் எழுத்தைச் சிறு திரையில் தெளிவாகக் காட்டுவது எப்படி, விரைவாகத் தட்டச்சுச் செய்ய வழி என்ன என்ற அறிவே அவருடைய உண்மையான முதல். அந்த முதலைக் கட்டடத்தில் போடாமல் கையில் வைத்திருந்தார். ஒவ்வொரு புதிய கட்டடத்துக்கும் அதை எடுத்துச் சென்றார்.

சந்தைக்காரர் கதவை மூடினால்

எல்லோருக்கும் இப்படி வாய்க்கவில்லை. கடந்த 15 ஆண்டுகளில் மூடப்பட்ட சந்தைகளின் பட்டியல் நீளமானது.

ஒரு காலத்தில் உலகில் அதிகம் விற்ற ஸ்மார்ட் போன்கள் நொக்கியாவின் சிம்பியன் இயங்குதளத்தில் ஓடின. 2011 பெப்ரவரியில் நொக்கியா தனது எதிர்காலம் மைக்ரோசொப்டின் விண்டோஸ் ஃபோனில்தான் என்று அறிவித்தது. சிம்பியனுக்குச் செயலி செய்தவர்களின் சரக்கு அன்றே பழைய சரக்காகிவிட்டது. 2014 ஜனவரி முதல் சிம்பியனுக்குப் புதிய செயலிகளை நொக்கியா ஏற்கவில்லை. அவர்களுள் சிலர் விண்டோஸ் ஃபோனுக்கு மாறினர். அதன் 8.1 பதிப்புக்கான செயலிக் கடையும் 2019 டிசம்பரில் மூடப்பட்டது. ஒரே ஆள் இரண்டு தடவை கடையை இழந்த கதை இது.

பிளக்பெரியின் கதை இன்னும் பாடம் நிறைந்தது. 2013 ஜனவரி இறுதியில் அந்தக் கம்பனி பிளக்பெரி 10 என்ற புதிய இயங்குதளத்தை வெளியிட்டது. அதற்கு முன்னர், செயலி கொண்டு வருபவர்களுக்கு ஒரு செயலிக்கு 100 டொலர் தருவதாக அறிவித்து ஒரு வார இறுதிப் போட்டி நடத்தியது. ஏறத்தாழ ஒன்றரை நாளில் 15,000 செயலிகள் வந்து குவிந்தன. தரச் சான்று பெற்ற செயலி முதல் வருடத்தில் 1,000 டொலராவது உழைத்தால், 10,000 டொலருக்குக் குறையும் தொகையைத் தாமே தருவதாகவும் வாக்களித்தது. அத்தனை சலுகைகளுக்குப் பின்னரும் வாங்குவோர் வரவில்லை. 2019 இறுதியோடு அந்தச் செயலிக் கடை மூடப்பட்டது. 2022 ஜனவரி 4 ஆம் திகதியோடு பிளக்பெரியின் சொந்த இயங்குதளத் தொலைபேசிகளுக்கான சேவைகளே நிறுத்தப்பட்டன.

புதிய கடைத்தொகுதி கட்டியவர், கடைக்கு ஆள் வரவேண்டும் என்பதற்காக முற்பணமும் வேண்டாம், ஆறு மாத வாடகையும் வேண்டாம் என்றால் நாம் என்ன செய்வோம்? இரண்டு நாள் அந்த வாசலில் நின்று, சனம் போகிறதா என்று பார்ப்போம். செயலிக் கடைக்கும் அதே சோதனைதான். கடைக்காரருக்குக் காசு கொடுத்து அழைக்கும் சந்தையில் வாங்குவோர் குறைவு என்று கொள்வதே முன்னெச்சரிக்கை.

மற்றொரு உதாரணம் பெபிள் என்ற கைக்கடிகாரம். தொலைபேசியோடு இணைந்து வேலை செய்யும் இக்கடிகாரத்துக்காக 2012 இல் ஏறத்தாழ 69,000 பேர் முன்கூட்டியே பணம் செலுத்தி ஒரு கோடி டொலருக்கு மேல் சேர்ந்தது. தனி ஆட்கள் பலர் அதற்குச் செயலி எழுதினர். 2016 டிசம்பரில் பிட்பிட் கம்பனி அதன் சொத்துக்களை வாங்கியது. 2018 ஜூன் 30 ஆம் திகதி சேவைகள் நின்றன. ஆனால் பாவனையாளர்களே கூடி 'ரெபிள்' என்ற பெயரில் ஒரு மாற்றுச் சேவையை நடத்தினர். 2025 ஜனவரியில், அப்போது உரிமையாளராக இருந்த கூகுள், பெபிள் மென்பொருளின் மூலநிரலைப் பொதுவில் வெளியிட்டது. பெபிளைத் தொடங்கியவரே புதிய கடிகாரங்களோடு திரும்பி வந்தார். தான் எழுதிய நிரலைப் பத்திரமாக வைத்திருந்தவருக்கு மீண்டும் கடை திறக்க வழி பிறந்தது. வைத்திருக்காதவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எமக்குப் புதிதல்லாத பாடம்

1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது கடைகளும் சரக்கும் இங்கேயே நின்றுவிட்டன. கையில் சொற்பப் பணத்தோடு புத்தளத்துக்கும் கொழும்புக்கும் போனவர்களுள் பலர் மீண்டும் கடை திறந்தது, எந்தச் சாமானை எங்கே வாங்க வேண்டும், யாருடைய சொல்லை நம்பலாம் என்ற அறிவைக் கொண்டும், மொத்த வியாபாரிகளிடம் இருந்த நாணயத்தைக் கொண்டும்தான். வெளியேற்றம் அநியாயம், செயலிக் கடை மூடப்படுவது வெறும் வியாபார நட்டம். இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் கட்டடம் போனாலும் போகாத முதல் எது என்பதை ஐந்து சந்தி வியாபாரி ஒருவருக்கு வேறு யாரும் விளக்கத் தேவையில்லை. பிள்ளை செயலி செய்யப்போகிறேன் என்று வரும்போது அந்த அனுபவத்தைத்தான் நாம் கொடுக்க வேண்டும்.

எமது நாட்டுச் சிறு சந்தை

ஸ்மார்ட் போன் இல்லாதவரையும் சேர்த்து வியாபாரம் செய்யும் முயற்சிகள் இலங்கையில் நடந்துள்ளன. பொருளியலாளர் ஹர்ஷ டி சில்வா தொடக்கி வைத்த 'கொவி ஞான சேவா' என்ற திட்டம் தம்புள்ளைச் சந்தையின் மரக்கறி விலைகளைத் திரட்டி விவசாயிகளுக்கு அறிவித்தது. பின்னர் அவ்விலைகள் டயலொக் கம்பனியின் 'ட்ரேட்நெட்' சேவை ஊடாகக் கையடக்கத் தொலைபேசிக்கும் வந்தன. இன்று தம்புள்ளையில் வெங்காயம் என்ன விலை என்பதைச் சாதாரண போனில் அறிவது ஒரு வியாபாரிக்கு எவ்வளவு பெறுமதியானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2010களில் டயலொக் 'ஐடியாமார்ட்' என்ற ஏற்பாட்டை அறிமுகப்படுத்தியது. தனி ஆள் ஒருவர், கம்பனி எதுவும் இல்லாமலே, எஸ்.எம்.எஸ். மூலமும், நட்சத்திரக் குறியோடு இலக்கங்களை அழுத்தினால் வரும் பட்டியல்கள் மூலமும் இயங்கும் சேவையை உருவாக்கலாம். பாவனையாளரின் தொலைபேசி மீதியிலிருந்து கட்டணம் கழிக்கப்படும். அதில் ஒரு பங்கு சேவை செய்தவருக்கு. கடனட்டை இல்லாத வாடிக்கையாளரிடமிருந்தும் சில ரூபாக்களைப் பெற இது வழி செய்தது.

இங்கும் நில உரிமையாளர் மாறுவார் என்பதை மறக்கலாகாது. 2018 இல் எடிசலாட் லங்கா ஹட்ச்சுடன் இணைந்தது. 2024 இல் எயார்டெல் லங்கா டயலொக்குடன் இணைந்தது. ஒரு தொலைபேசிக் கம்பனியை மட்டும் நம்பிச் சேவை நடத்துபவர் இத்தகைய மாற்றங்களுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, நாணயம் பற்றிய விடயம். இவ்வகைச் சேவைகளில் தமக்குத் தெரியாமலே மீதி குறைகிறது என்று பாவனையாளர்கள் முறையிடுவது வழமை. தினமும் கழியும் இரண்டு மூன்று ரூபாவை வாடிக்கையாளர் கவனிக்கமாட்டார் என்று எண்ணிச் செய்யும் சேவை, தராசுத் தட்டின் கீழ் காந்தம் ஒட்டுவதற்குச் சமம். அத்தகைய வருமானத்துக்கு முதல் போட வேண்டாம்.

வெளிநாட்டு விற்பனையில் காசு வந்து சேரும் வழியையும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். பேபால் மூலம் இலங்கையிலிருந்து பணம் செலுத்த முடிந்தபோதும், இங்கே பணம் பெறும் வசதி நீண்ட காலமாக இருக்கவில்லை. விற்ற பின்னர் வழி தேடுவதிலும் பார்க்க, வங்கியில் கேட்டு, எந்தக் கணக்குக்கு எந்த வழியில் டொலர் வரும் என்று அறிந்த பின்னர் விற்பது நல்லது.

வாடிக்கையாளர் விபரம் ஓர் அமானிதம்

செயலி வியாபாரத்தில் எம்மவர்களை நேரடியாகத் தொட்ட ஒரு சம்பவமும் உண்டு. பிரான்ஸைச் சேர்ந்த எர்வான் மாசே என்பவர் சிங்கப்பூரில் இருந்தபடி 2010 இல் வெளியிட்ட 'முஸ்லிம் ப்ரோ' என்ற செயலி, தொழுகை நேரத்தையும் கிப்லாத் திசையையும் காட்டியது. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் அதைப் பதிவிறக்கினர். ஒரு சமூகத்தின் அன்றாடத் தேவையைச் சரியாகக் கண்டுகொண்ட தனி ஆளின் வெற்றி அது. 2017 இல் செயலி முதலீட்டுக் கம்பனிகளின் கைக்கு மாறியது. 2020 நவம்பரில், செயலியிலிருந்து பாவனையாளர்களின் இருப்பிடத் தகவல் எக்ஸ்-மோட் என்ற தரவுக் கம்பனிக்குச் சென்றதாகவும், அக்கம்பனியின் வாடிக்கையாளர்களுள் அமெரிக்க இராணுவத்தின் ஒப்பந்தக்காரர்களும் இருந்ததாகவும் அமெரிக்க ஊடகம் ஒன்று வெளிப்படுத்தியது. எக்ஸ்-மோட்டுடனான தொடர்பைத் துண்டிப்பதாகச் செயலிக் கம்பனி அறிவித்தது. ஆனால் பலர் அதற்குள் செயலியை அழித்துவிட்டனர்.

பத்து வருடம் சேர்த்த நம்பிக்கை பத்து நாளில் ஆட்டம் கண்டது. எமது நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி இலக்கம், கடன் கணக்கு ஆகியவற்றைச் செயலியில் ஏற்றும் வியாபாரி, அவற்றை யார் பார்க்கலாம் என்பதை முதல் நாளிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஓர் உதாரணக் கணக்கு. பிள்ளை ஒருவர் ஆறு மாத இரவுகள் உழைத்து ஒரு செயலி செய்கிறார். 2 டொலர் வீதம் 500 பேர் வாங்குகிறார்கள். 1,000 டொலர். சந்தைக் கமிஷன் 15 வீதம் போனால் மிச்சம் 850 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 2,55,000 ரூபா. இது ஒரு தடவை வரும் காசு. அடுத்த வருடம் தொலைபேசியின் இயங்குதளம் மாறும்போது செயலியைத் திருத்தும் வேலை மட்டும் மீண்டும் வரும்.

அதே பிள்ளை, குடாநாட்டில் உள்ள 10 கடைகளுக்கு ஒரு சிறு செயலி செய்கிறார் என்று வைப்போம். கடை ஒன்றுக்கு மாதம் 2,000 ரூபா. வருடத்துக்கு 2,40,000 ரூபா. அடுத்த வருடமும் அதே தொகை வரும். வாடிக்கையாளர் 10 பேர்தான், ஆனால் அவர்கள் போன் எடுத்துப் பேசக்கூடிய தூரத்தில் இருக்கிறார்கள். எது பிழை, எது தேவை என்பதை அவர்களே சொல்வார்கள்.

இரண்டாவது வழியில்தான் தகப்பனாரின் அறிவு பெறுமதி பெறுகிறது. இரும்புக் கடையில் கம்பி நிறையாலும் விற்கப்படும், எண்ணிக்கையாலும் விற்கப்படும் என்பது வெளிநாட்டு மென்பொருளுக்குத் தெரியாது. தையற்கடைக்காரருக்குப் பெருநாளைக்கு முந்திய மூன்று வாரங்களின் ஓடர் நெருக்கடியைச் சமாளிக்கும் பதிவேடு வேண்டும். துணிக்கடையில் கடன் கொப்பி மூன்று தலைமுறையாக ஒரே முறையில் எழுதப்படுகிறது. இவற்றைப் பிள்ளை எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்க முடியாது. கடை மேசையில் அமர்ந்துதான் படிக்க வேண்டும்.

குடாநாட்டில் இதற்கான சூழலும் உருவாகியுள்ளது. 2010களின் தொடக்கத்தில் உருவான 'யாழ் ஐ.ரி. ஹப்' என்ற இலாப நோக்கற்ற அமைப்பு, 'யாழ் ஜீக் சலஞ்ச்' என்ற போட்டியை நடத்தி, இளைஞர்களின் யோசனைகளைத் தொழிலாக மாற்ற வழிகாட்டி வருகிறது. அங்கு வரும் இளைஞர்களுக்கு நிரல் எழுதத் தெரியும். அவர்களுக்கு வேண்டியது, உண்மையான பிரச்சினையைச் சொல்லக்கூடிய வியாபாரி.

முதல் போடுமுன் கேட்க வேண்டியவை

பிள்ளைக்கோ வேறு இளைஞர் ஒருவருக்கோ பணம் கொடுக்குமுன் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, இந்தச் சந்தையின் உரிமையாளர் யார், அவருக்கு இது பிரதான தொழிலா, பத்தோடு பதினொன்றா? உரிமையாளருக்கு இதில் இலாபம் இல்லையென்றால் கதவு மூடப்படும் நாள் தூரத்தில் இல்லை.

இரண்டாவது, சந்தை மூடப்பட்டால் எதைத் தூக்கிக்கொண்டு வெளியே வரலாம்? நிரல், வாடிக்கையாளர் பட்டியல், பழகிய அறிவு என்ற மூன்றில் இரண்டாவது கையில் மிஞ்ச வேண்டும்.

மூன்றாவது, மூலநிரல் யாரிடம் இருக்கும்? கடைக்குச் செயலி செய்விக்கும் வியாபாரி இதை எழுத்தில் உடன்பட்டுக்கொள்ள வேண்டும். செய்தவர் வெளிநாடு போய்விட்டால் கணக்கெல்லாம் பூட்டிய பெட்டிக்குள் போய்விடும்.

நான்காவது, காசு எந்த வழியில், எத்தனை நாளில் கைக்கு வரும்?

ஐந்தாவது, நாம் ஏற்றிய கணக்கைச் செயலியிலிருந்து கடதாசிக்கோ வேறு கணினிக்கோ இறக்க முடியுமா? முடியாது என்றால் அந்தச் செயலி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா என்று பிள்ளை கேட்டால், சம்பளத்தில் பாதியாவது செயலியிலிருந்து ஒரு வருடம் தொடர்ந்து வரட்டும் என்று சொல்லுங்கள். அதுவரை அது உபதொழிலாகவே இருக்கட்டும். உபதொழிலுக்கு ஒரு பலம் உண்டு. இன்று விற்றே ஆகவேண்டும் என்ற நெருக்கடி இல்லாததால் பொருளை நிதானமாகவும் தரமாகவும் செய்யலாம். தோற்றாலும் அடுப்பு எரியும்.

இந்த வாரம் கடை பூட்டிய பின்னர் பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்தி, கடன் கொப்பியைத் திறந்து காட்டுங்கள். அதில் எந்த வேலை உங்களுக்கு அதிக நேரம் எடுக்கிறது என்று சொல்லுங்கள். முதலாவது வாடிக்கையாளராக நீங்களே இருந்து, மற்றவருக்குக் கொடுப்பது போலவே அவருக்கும் விலை கொடுங்கள்.